மீசை இல்லாதவர்களைப் பற்றிய பாடம்

உனக்கு,

காலண்டர் சீசன் ஆரம்பித்துவிட்டது. அச்சகத்தில் நிற்க இடமில்லை. இன்று காலை சாத்தூர்க் கடைக்காரர் ஒருவருக்காகப் பழைய மாதிரிப் பட ஆல்பத்தைப் புரட்டியபோது அந்த மீசைக்காரன் எட்டிப் பார்த்தான். முறுக்கு மீசை, சிவந்த கண், கழுத்தில் கைக்குட்டை. நாடக நோட்டீசுக்காக யாரோ என்றோ வரைந்த வில்லன். "இது எந்தச் சாமிம்மா?" என்று கடைக்காரர் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கிவிட்டது.

பள்ளிக்கூடம் விட்டு நேரே அச்சகத்துக்கு வந்து நின்றாயே, அந்தச் சாயங்காலம் நினைவிருக்கிறது. "ஏட்டி, பிள்ளைகளுக்குப் பாதுகாப்புப் பாடம் எடுக்கப் போறேன். தப்பாத் தொடுறவன் யாருன்னு அதுகளுக்குத் தெரியணும். சுவர்ல மாட்ட ஒரு படம் போட்டுக் குடு" என்றாய். எல்லாவற்றுக்கும் ஆல்பத்தில் படம் தேடுவது இந்த ஊர்ப் புத்தி. நாம் இருவரும் தேடினோம், நீதான் மீசைக்காரன் மேல் விரல் வைத்தாய். "கெட்டவன்னாப் பார்த்ததும் தெரியணும்ல." கீழே 'தெரியாதவரிடம் போகாதே' என்று பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்தேன்.

பாடம் நன்றாகவே பதிந்தது. மீசை வைத்த தபால்காரரைப் பார்த்துப் பிள்ளைகள் கூச்சல் போட்டு ஓடின. சிலிண்டர் கொண்டு வந்தவர் வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போனார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி அதையெல்லாம் எனக்குச் சொன்னாய்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, மணி அடித்த பிறகும் போகாமல் உன் மேசையருகே நின்றிருக்கிறது. "டீச்சர், மீசை இல்லாதவுக, நம்ம வீட்டுக்கு வர்றவுக செஞ்சா அது தப்பில்லையா?"

அச்சகத்தின் பின்கட்டில் உட்கார்ந்து அதை என்னிடம் சொன்னபோது உன் குரல் உனக்கே கேட்டிருக்காது. ஆனால் பிள்ளை முன்னால் நீ கலங்கவில்லை. துருவித் துருவிக் கேட்கவும் இல்லை. "நீ சொன்னது ரொம்ப நல்லது. ஒன் மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொல்லி அணைத்துக்கொண்டு, அன்றைக்கே உரிய அதிகாரிகளிடம் போனாய். அதைச் செய்தவன் அந்த வீட்டுக்கு வேண்டியவன், ஊருக்கும் நல்லவன். அதனால் ஊர் உன் மேல் பாய்ந்தது. பள்ளிக்கூட வாசலுக்கே வந்து, "பச்சப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்துக் கெடுக்கீகளா?" என்று கேட்டார்கள்.

"பட்டாசுக் கம்பெனியில பயிற்சி குடுக்காம யாரையும் வெடிமருந்துகிட்ட விடுவீகளா? தீயப் பத்திச் சொல்லிக் குடுத்தா தீப் பிடிச்சிருமா?" என்று நீ திருப்பிக் கேட்டாய். பட்டாசு ஊர்க்காரர்கள் அல்லவா, வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். அந்தப் பிள்ளை இன்றைக்குக் கல்லூரியில் படிக்கிறது.

மீசைக்காரனைச் சுவரிலிருந்து நீயே கிழித்தாய். அடுத்த படத்தில் கெட்டவன் முகமே இல்லை. கையை நீட்டி நிறுத்தும் ஒரு சிறுமி மட்டும். 'யாராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லலாம்' என்று போட்டதோடு நான் முடித்துக்கொள்ளப் பார்த்தேன். நீ விடவில்லை. "பிள்ளைக்கு மட்டும் பாடம் எழுதுனா எப்படி? பெரியவுகளுக்கும் ஒரு வரி வேணும்ல" என்று சொல்லி, 'சொன்னால் நம்புவோம்' என்பதையும் அதே அளவு எழுத்தில் போட வைத்தாய்.

நீ நோயில் விழுந்து கண்ணை மூடினாய், பாடமும் நின்றுபோனது. உன் இடத்துக்கு வந்த சின்ன டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். "எனக்கு ஆசதான் அக்கா. ஆனா ஒரு பிள்ள வந்து சொன்னா அடுத்து என்ன செய்யணும்னு எனக்கு யாரும் பயிற்சி குடுக்கலயே" என்றாள். நியாயம்தானே? இதைத்தான் நீ முன்பே சொன்னாய். "ஒருத்தி நல்லவளா இருக்கதால நடக்குற காரியம், அவ போனா நின்னுரும். சட்டத்துல எழுதணும்ட்டி, பணத்தோட எழுதணும்."

அதனால்தான் காந்தி ஜெயந்தியன்று நம் ஊர்க் கிராம சபையில் நான் எழுந்து நின்றேன். எல்லாப் பள்ளிகளிலும் வருடந்தோறும் இந்தப் பாடம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பிள்ளைகள் பேச ஓர் ஆலோசகர், இதற்கென்றே நிதி ஒதுக்கும் சட்டம். இவற்றைக் கேட்டு அரசுக்குத் தீர்மானம் அனுப்பச் சொன்னேன். ஊராட்சித் தலைவர் நெளிந்தார். "டீச்சர் புண்ணியவதி. அவுக மாதிரி நல்ல மனசுக்காரவுக யாராவது வந்தா எடுக்கட்டும். தீர்மானம் எதுக்கு?"

"நல்ல மனசு வர்ற வரைக்கும் பிள்ளைக காத்துக் கெடக்கணுமா?" என்றேன்.

பின்னாலிருந்து ஒருவன், "யக்கா, ஒங்களுக்குத்தான் பிள்ளகுட்டி இல்லையே, நீங்க ஏன் மல்லுக்கு நிக்கீக?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். சுருக்கென்று தைத்தது. என் வாய்த் துடுக்குதான் உனக்குத் தெரியுமே, திருப்பிக் கொடுக்கத் திரும்பினேன்.

அப்போது பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்தாள். பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். "எனக்கு ரெண்டு இருக்கு. விடியுமுன்ன வேன் வந்துரும். நான் ஏறிப் போன பிறகு அதுக யாரு கண்ணுல கெடக்குன்னு எனக்குத் தெரியாது. இதப் பத்திச் சொல்லிக் குடுக்கவும் எனக்கு வாய் வரல. அக்கா கேக்குறத எழுதுங்க" என்று கையைத் தூக்கினாள். விடுமுறை நாளிலும் ரேகைக்குள் அலுமினியப் பொடி மினுங்கிய கை. அவளுக்குப் பின்னால் அதே மாதிரிக் கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. சிரித்தவர்கள் கீழே பார்த்துக்கொண்டார்கள்.

தீர்மானம் நிறைவேறியது. காகிதம் எங்கே போய்த் தூங்கும் என்று எனக்குத் தெரியாதா? தூங்கினால் தட்டி எழுப்புவேன். ஆட்சியர் அலுவலகத்துக்கும் போவேன், சட்டமன்ற உறுப்பினர் வீட்டு வாசலிலும் நிற்பேன், சென்னைக்கும் ரயில் ஏறுவேன். உன் பிடிவாதம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, குறையாமல். நீ போனதும் நின்ற பாடம், நான் போனால் நிற்கக் கூடாது. அதைச் சட்டத்தில் பார்க்கும்வரை எனக்குச் சாகிற எண்ணமே இல்லை.