மேகத்துக்குள் ஒரு பிரசவம்

ஜூன் 28
சோள பீர் பொங்கிவிட்டது. பீர் விற்பனைக்கு இருக்கிறது என்று வாசல் கம்பத்தில் வெள்ளைக் கொடி ஏற்றினேன். யார் கண்ணுக்குத் தெரியப் போகிறது? மேகம் ஊருக்குள்ளேயே குடிவந்துவிட்டது. பக்கத்து வீட்டு மட்டக்குதிரை காலே இல்லாமல் மிதந்து போகிறது. நான் கூப்பிட்டால், என் குரலே வேறு யாரோ என்னைக் கூப்பிடுவது போலத் திரும்பி வருகிறது.

தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிற என் மகள் புலேங் அடுப்போரம் தூங்குகிறாள். கொண்டுவந்து விட்ட மருமகன் மொகேட்டேக்குத் திரும்பிப் போக மனசே இல்லை. அவன் ஊர் கணவாய்க்கு அந்தப் பக்கம்.

"மேட்டுல ஏறுனா உங்க கொடி தெரியும், ம்மே. அது பறக்குற வரைக்கும் நல்லா இருக்கீங்கன்னு நெனச்சுக்குவேன்."

"பொண்டாட்டிய நெனச்சா, பீரை நெனச்சா?"

போர்வையில் முகத்தை மூடிக்கொண்டு குதிரை ஏறினான்.

ஜூலை 1
பனி. சத்தமே இல்லாமல் கொட்டுகிறது, எங்கள் ஜூலைக் குளிர்காலம். வானம் விட்டதும் புலேங்கை மொகோட்லோங் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

ஜூலை 2
கணவாய் பனியில் மூடிவிட்டது. ஆஸ்பத்திரிக்கும் வழி இல்லை.

ஜூலை 3
வலி எடுத்துவிட்டது. இவ்வளவு சீக்கிரமாகவா? பேறு பார்க்கத் தெரிந்த மாந்தாத்தி வந்துவிட்டாள். "பாட்டி மாதிரியே பேச அவசரம் போல" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வரலை.

ஜூலை 4
பெண். விடியும்போது பிறந்தாள். சுத்தமான துணியெல்லாம் தீர்ந்துபோச்சு. கொடியை அவிழ்த்து வந்து, அடுப்பில் சூடு காட்டிக் குழந்தையை அதில் சுற்றினேன்.

புலேங்குக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. கண்ணைத் திறக்கிறாள், எங்கேயோ பார்க்கிறாள். பேச்சில்லை. என் வாயடி மகளே — என்னைத் திட்டவாவது திட்டேன்டி.

ஜூலை 5
ரத்தம் நின்றிருக்கிறது. கஞ்சி இரண்டு வாய் இறங்கியது. பேச்சில்லை.

ஜூலை 6
வெயில். மலை முழுக்கக் கண் கூசுகிறது. எதிர்ச் சரிவில் ஒரு கறுப்புப் புள்ளி, விழுவதும் எழுவதுமாக. மொகேட்டே!

மேகம் விலகியதும் மேட்டில் ஏறிப் பார்த்திருக்கிறான். கம்பம் வெறுமையாக நின்றிருக்கிறது. பானையில் பீர் இருக்கும்போதே கொடி இறங்கினால், எங்கள் பக்கம் அது சாவு வீடு. அவிழ்த்தபோது எனக்கு அந்த நினைப்பே வரவில்லை.

முற்றத்தில் வந்து நின்றான். இடுப்புவரை பனி. கேட்கவும் பயம், கேட்காமல் நிற்கவும் முடியவில்லை. எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். குடத்தைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்தேன்.

பையன் பிறந்தால் அப்பனுக்குப் பிரம்படி, பெண் பிறந்தால் தண்ணீர். வேறு சேதி வேண்டியதில்லை எங்களுக்கு. ஆனால் அவன் கேட்க வந்தது அது இல்லையே.

பல் கிடுகிடுக்க, "புலேங்?" என்றான்.

உள்ளேயிருந்து, மெலிசாக:

"இன்னொரு குடம் ஊத்து, ம்மே. இவ்ளோ லேட்டாவா வர்றது?"

ஊற்றினேன்.