அட்டையில் பன்னிரண்டு

மார்ச் 4, செவ்வாய்
பயிற்சி அறையில் இன்று எட்டு. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதுதான் கணக்கு. எனக்கும் பச்சைத் துண்டுக்காரிக்கும் ஒரே நரம்பு வியாதி, எம்.எஸ். இருவருக்கும் இடது கால்தான் மக்கர். அவள் மட்டும் பத்து. வியர்வையைக்கூட அந்தத் துண்டால் ஒத்தி ஒத்தித்தான் எடுக்கிறாள், மகாராணி. எனக்கு வயிறு எரிகிறது.

மருத்துவ விடுப்பு முடிந்து ஜூனில் பள்ளி திறந்ததும் நாற்பது நிமிடம் நின்று வேதியியல் நடத்தியாக வேண்டும். "நிக்க முடியலேன்னா ஆபீஸ் வேலைதான் டீச்சர்" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். கோப்பு அடுக்கவா இத்தனை வருடம் பாடம் நடத்தினேன்?

மார்ச் 7, வெள்ளி
எட்டு. அவள் பதினொன்று.

மார்ச் 14, வெள்ளி
பயிற்சியாளர் அதே பல்லவி. "இன்னும் ரெண்டு முடியும்னு தோணும்போதே நிறுத்திடுங்க. நடுவுல ரெண்டு நிமிஷம் உட்காருங்க. உடம்பு சூடாச்சுன்னா கால் சொன்ன பேச்சு கேக்காது." அவளிடம் "நல்லா பண்றீங்க" என்றார். என்னிடம் "பரவாயில்ல". பரவாயில்லையாம்.

சுவரில் தொங்கும் அட்டையில் அவரவர் எண்ணிக்கையை அவரவரே எழுத வேண்டும். யாரும் பார்க்கவில்லை. பன்னிரண்டு என்று எழுதினேன்.

மார்ச் 18, செவ்வாய்
மறுபடியும் பன்னிரண்டு. என் அட்டை முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள், முகம் தொங்கிப்போய். வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தேன். "கால் தேவலையா?" என்றார் இவர். கால் இல்லை, மனசு என்று சொல்லவில்லை.

மார்ச் 25, செவ்வாய்
விழுந்துவிட்டாள். ஓய்வே எடுக்காமல் பன்னிரண்டாவதுக்கு எழுந்தாள். இடது கால் துணி மாதிரி மடங்கிவிட்டது. மணிக்கட்டு எலும்பில் விரிசல். தூக்கி உட்கார வைத்தபோது பயிற்சியாளரிடம் கேட்டாள்: "அந்த டீச்சர் பன்னெண்டு பண்றாங்க. எனக்கு மட்டும் ஏன் முடியல?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கல.

மார்ச் 26
ஆய்வகத்தில் அளவை மாற்றி எழுதிய பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவள் நான். பெரிய டீச்சர். என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன் —

ஏப்ரல் 25, வெள்ளி
கட்டுப் பிரித்து வந்திருக்கிறாள். என் அட்டையைக் கழற்றிக்கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன். "இது பொய். நான் எட்டைத் தாண்டினதே இல்ல."

அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தப் பன்னெண்டை நெனச்சு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா?" என்றாள். பிறகு பென்சிலை எடுத்து என் கையில் வைத்தாள். "இனிமே என்னோடத நீங்க எழுதுங்க. உங்களோடத நான் எழுதறேன்."

அவள் ஐந்து செய்தாள். ஐந்து என்று எழுதினேன். உள்ளுக்குள் ஒரு துளி சந்தோஷம் இருந்தது, அதையும் மறைப்பானேன். பள்ளி திறக்க இன்னும் ஆறு வாரம். முக்கி முனகி எட்டு முடித்தேன். அவள் ஏழு என்று எழுதினாள். எட்டாவதில் என் விரல்நுனி நாற்காலியில் பட்டதைப் பார்த்துவிட்டாள், படுபாவி.