நாலரை இஞ்ச் சுவர்

எனக்காக ஆயுசு முழுக்கக் காகிதம் படித்துச் சொன்ன என் அண்ணனுக்கு,

வருஷத்தை நம்பரில் சொல்ல எனக்கு வராது, உனக்குத் தெரியும். ஊரில் போர்வெல் எல்லாம் வற்றி, டேங்கர் லாரி ஹார்ன் கேட்டதும் நம் ஜீவனஹள்ளி முழுக்கக் குடமும் கேனுமாய் ஓடிய வருஷம் அது. அபார்ட்மெண்ட்காரர்கள்கூட ஒரு பக்கெட்டில் குளித்து முடித்த வருஷம். மூலை வீட்டு மாமரம் ஒரு பிஞ்சும் பிடிக்காமல் நின்ற வருஷம். நீ போன பிறகு வந்த இரண்டாவது கோடை.

சொல்வது நான், எழுதுவது செல்வி, என் மகன் முருகேசனின் பெண்டாட்டி. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கு எறும்பு வரிசைதான். உன் மூன்றாம் வருஷத் திதிக்குத் தெருவே சாப்பிட வரும். இலை போடுவதற்கு முன்னால் இதை உரக்க வாசிக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். நான் செய்த தப்பைத் தெருவே கேட்கத்தான் செய்தேன். திருத்துவதையும் தெரு கேட்கட்டும்.

அண்ணா, அந்தக் கோடையில் வீட்டுக்குள் ஒரு சத்தம் வந்தது. நீ ஒரே மனையில் இரண்டாகக் கட்டின வீடு இது. நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அண்ணியும் உன் மகன் சேகரும். சத்தம் எங்கள் பக்கத்துப் பின் ரூமில். ம்ம்ம்ம் என்று, வாயை மூடிக்கொண்டு யாரோ பாடுகிற மாதிரி. மத்தியானம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த செல்விதான் முதலில் கேட்டாள்.

"மாமா, உங்களுக்குக் கேக்குதா?"

"எனக்கு மிக்ஸி ஓடினாலே கேக்காதும்மா."

ஆனால் கட்டிலில் சாய்ந்ததும் எனக்கும் கேட்டது. காதில் இல்லை, மண்டை எலும்பில்.

பிரிட்ஜை நிறுத்தினோம். ஃபேனை நிறுத்தினோம். செல்வி ஸ்டூல் போட்டு ஏறி மெயினையே இறக்கினாள். வீடு செத்த மாதிரி ஆனது, சத்தம் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தது. முருகேசன் வேலையிலிருந்து வந்து போனில் சத்தம் அளக்கிற ஏதோ மீட்டர் காட்டி "நாப்பது" என்றான். நாற்பது என்றால் என்னடா என்றேன். அவனுக்கும் தெரியவில்லை.

எதிர் அபார்ட்மெண்ட் ஜெனரேட்டராக இருக்கும் என்று வாட்ச்மேனிடம் போனேன். "கரண்ட் இருக்கும்போது ஜெனரேட்டர் எதுக்குத் தாத்தா ஓடும்?" என்று சிரித்தான். மூன்றாவது வீட்டு மாடியில் செல்போன் டவர் இருக்கிறதே, அதன் அடியில் கழுத்து வலிக்க நின்றேன். அது ஊமை. அப்புறம் ஒரு மத்தியானம் தெருவுக்கே கரண்ட் போனது. அப்போதும் அந்தச் சத்தம் நிற்கவில்லை! கரண்டே இல்லாமல் பாடுகிற பூதம் எது? செல்வி வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினாள். இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுது என்றேன்.

கடைசியில் என் கையைத்தான் நம்பினேன். நாற்பது வருஷம் சுவருக்குப் பட்டி போட்டுத் தேய்த்த பெயிண்டர் கை. எந்தச் சுவர் உள்ளே ஈரம், எது உள்ளே பொக்கை என்று தொட்டாலே தெரியும். ரூம் முழுக்கத் தடவிக்கொண்டே வந்தேன். நடுச்சுவரில், என் கட்டில் உயரத்தில், உள்ளங்கைக்கு அடியில் சுவர் அதிர்ந்தது. பூனை மடியில் படுத்து உறுமுகிற மாதிரி.

சத்தம் உன் வீட்டிலிருந்து.

உனக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே, பின்பக்கத்துப் பொது போர்வெல்லில் யார் முதலில் மோட்டார் போடுவது என்று முருகேசனும் சேகரும் முட்டிக்கொண்டார்கள். வார்த்தை தடித்தது. "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதீங்க" என்றான் சேகர். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அண்ணி கதவோரம் தலை குனிந்து நின்றார்கள், ஒன்றும் பேசவில்லை. பேசாததால் அவர்களும் அதையேதான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். பத்து அடி தூரம் அண்ணா. அதற்கப்புறம் நான் போகவே இல்லை.

இப்போது அந்தச் சுவரில் சத்தம். தண்ணீர் இல்லாத கோடை. எங்கள் புத்தி எங்கே போகும்?

"திருட்டு மோட்டார்தாம்பா," என்றான் முருகேசன். "டேங்கர் வந்தா சேகர் ரெண்டே கேன் பிடிச்சிட்டு ஓடுறானே, கவனிச்சியா? நமக்கு வறண்ட போர் அவங்களுக்கு மட்டும் எப்படி ஊறுது?"

அது எனக்கும் சரியாகத்தான் பட்டது. அடுத்த நாள் டேங்கர் வரிசையில், தெருவே நிற்கும்போது, நான் வாயைத் திறந்தேன். "வறண்ட போர்ல திருட்டு மோட்டார் போட்டு உறிஞ்சுறவங்களுக்கு டேங்கர் எதுக்கு? வீட்டுக்குள்ளயே காவிரி ஓடுதே!" எல்லோரும் சிரித்தார்கள். சேகர் எனக்கு நாலு பேர் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். காலிக் கேன்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். சாட்டை மாதிரி நாக்கு உள்ள பையன் அவன். மாட்டிக்கொண்டான், அதனால்தான் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன்.

முருகேசன் ஜெராக்ஸ் கடையில் சொல்லி, வார்டு ஆபீஸுக்குக் கன்னடத்தில் ஒரு கம்ப்ளெயிண்ட் அடித்துக்கொண்டு வந்தான். இந்தப் பாதி வீடு என் பேரில் இருப்பதால் என் கைநாட்டு வேண்டும். மை டப்பாவைத் திறந்து வைத்தான். நானும் பெருவிரலை மையில் அழுத்திவிட்டேன்.

அந்த நேரத்தில் நீ வந்தாய். பூதமாக இல்லை, ஞாபகமாக. ரேஷன் கார்டு, ஓட்டர் கார்டு, நான் எடுத்த பெயிண்டிங் காண்ட்ராக்ட், இந்த வீட்டுப் பத்திரம், எதுவாக இருந்தாலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொல்வாயே: "இருடா. முதல்ல காதுல போடு, அப்புறம் விரலைப் போடு." பத்திரத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "இப்ப நீ சொல்லு, என்ன எழுதியிருக்கு?" என்று என்னையே திருப்பிச் சொல்ல வைத்தாய். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. எழுத்துத் தெரியாதவனை ஒரு தடவைகூட ஏமாளியாக விடாத அண்ணன் எத்தனை பேருக்குக் கிடைப்பான்?

"படிச்சுச் சொல்லுடா," என்றேன் முருகேசனிடம்.

"அதேதாம்பா. நாம பேசினதுதான்."

"பேசினதையே படி. முழுசா."

படித்தான். திருட்டு மோட்டார் என்று வந்தது, தண்ணீர் என்று வந்தது. அப்புறம் கடைசி வரியில் வேகமாக ஓடினான். நிறுத்தி, மறுபடி படிக்கச் சொன்னேன். விசாரணை முடிகிறவரை அந்த வீட்டுக் கரண்ட் கனெக்‌ஷனைத் துண்டிக்க வேண்டும் என்று இருந்தது.

"இதையும் நாம பேசினோமா?"

"பேசல. அப்படிப் போட்டாத்தான் சீக்கிரம் வந்து பாப்பாங்கன்னு கடைக்காரர் சொன்னாரு."

எழுந்துபோய்ச் சுவரில் இன்னொரு தடவை இடது கையை வைத்தேன். ம்ம்ம்ம், அப்புறம் ஒரு புஸ். ம்ம்ம்ம், புஸ். வறண்ட போரில் ஓடுகிற மோட்டார் கத்தும், அழும், சூடேறி நாறும். மூச்சு விடுமா? மைவிரலைப் பனியனில் துடைத்தேன். அந்தக் கறை போகவில்லை என்று செல்வி இன்றைக்கும் திட்டுகிறாள். அப்படியே இறங்கி உன் வாசலுக்குப் போனேன்.

கதவைத் திறந்தது சேகர். "என்ன சித்தப்பா, சும்மா வந்தீங்களா, போலீஸோட வந்தீங்களா?"

"தனியாத்தான்டா வந்தேன். அந்தச் சத்தம் என்னன்னு பாக்கணும்."

விலகி வழி விட்டான்.

பின் ரூமில், நடுச்சுவரை ஒட்டி, கட்டிலில் அண்ணி. பாதியாகிவிட்டார்கள் அண்ணா. மூக்கில் ஒரு மெல்லிய குழாய். குழாயின் அடுத்த முனையில், சூட்கேஸ் மாதிரி ஒரு மிஷின் தரையில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. அதன் மேல் சின்ன பாட்டிலில் தண்ணீர் கொப்புளித்துக்கொண்டிருந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மிஷினாம். நுரையீரல் சுருங்கிவிட்டது, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம்.

அண்ணி என்னைப் பார்த்தார்கள். "வா. மோட்டார் பாக்க வந்தியா?"

"அண்ணி..."

"பாத்துக்கோ. அந்த பாட்டில்ல இருக்கே, அவ்வளவு தண்ணிதான் நான் உறிஞ்சுறேன். ஒரு டம்ளர்கூட வராது. சேகரு, சித்தப்பாவுக்கு அளந்து காட்டுடா."

சொல்லிவிட்டு அவர்களே சிரித்தார்கள். சிரிப்பு இருமலாகி, நிற்க ரொம்ப நேரம் ஆனது. சேகர் முதுகைத் தடவிக்கொடுத்தான். கரண்ட் போனாலும் மிஷின் நிற்காமல் இருக்க ஒரு யு.பி.எஸ். வைத்திருக்கிறான். இரண்டு மணி நேரம் தாங்குமாம். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு டேங்கர் வரிசையில் அதிகம் நிற்க முடியாது. இரண்டு கேன் கணக்கு அவ்வளவுதான்.

இரண்டு மணி நேரம். நாங்கள் அடித்து வைத்திருந்த காகிதம் எத்தனை நாளைக்குக் கரண்டை வெட்டியிருக்கும்?

"ஏன்டா என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொல்லத்தான் நின்னேன் சித்தப்பா. அன்னிக்கு டேங்கர்கிட்ட, கூட்டம் கலைஞ்சதும் உங்க பக்கத்துல வந்து சொல்லலாம்னு. நீங்க முந்திக்கிட்டீங்க."

அண்ணா, அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

உட்கார இடம் தெரியாமல் மிஷின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்: "எதுக்கு அண்ணி இந்த மூலையில படுக்கிறீங்க? முன் ஹால்ல காத்து வருமே."

"அங்கதான் இருந்தேன். ரெண்டு மாசம் முன்னாலதான் இங்க மாத்தச் சொன்னேன்." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்கள். "நீ காலைல தொண்டையைச் செருமுவே இல்ல, லாரி கெளம்புற மாதிரி? இங்க படுத்தா அது கேக்கும். கேட்டா, சரி, இருக்கான்னு ஒரு நிம்மதி."

நான் சத்தத்தைத் தேடி ஊரெல்லாம் சுற்றினேன். அது என் சத்தத்தைத் தேடித்தான் என் சுவருக்கு வந்திருக்கிறது.

இந்தச் சுவரை நீ எழுப்பிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேஸ்திரி ஒன்பது இஞ்ச் போடலாம் என்றான். நானும் உன்னோடு சண்டை போட்டேன். "ஒன்பது இஞ்சே போடுண்ணா, நாலரை போட்டா அந்தப் பக்கம் பேசறது இந்தப் பக்கம் கேக்கும்." நீ செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாய்: "கேக்கட்டும்டா. அதுக்குத்தானே." கஞ்சன் என்று மனசுக்குள் திட்டினேன். அதற்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாலரை இஞ்ச் போட்டதற்கு உனக்கு நன்றி, அண்ணா. விரலுக்கு முன்னால் காதை வைக்கச் சொன்னதற்கும் நன்றி.

மற்ற சேதி கேள். அந்தக் காகிதத்தை முருகேசன்தான் கிழித்தான், நான் சொல்லாமலே. எங்கள் வீடு வேறு ஃபேஸ், உன் வீட்டில் கரண்ட் போனாலும் பல நேரம் எங்களுக்கு இருக்கும். அதனால் மொட்டைமாடி வழியாக ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்திருக்கிறான். "சுவிட்ச் உன் பக்கமே இருக்கட்டும்" என்றான். சேகர் "ம்" என்றான். இரண்டு வருஷம் கழித்து அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அப்புறம் மழை வந்தது, போரில் கொஞ்சம் ஊறியது. எங்கள் பக்கம் டேங்க் நிரம்பினால் சேகர் கேட்கட்டும் என்று முருகேசன் சுவரைத் தட்டுகிறான், அவன் மோட்டாரைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறான். கட்டிப்பிடித்துக்கொள்கிற அளவுக்கு இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம்.

நான் தினமும் பதினோரு மணி காபிக்கு அங்கே போகிறேன். டிகாக்‌ஷன் தண்ணியாக இருக்கிறது என்று அண்ணி சேகரைத் திட்டுகிறார்கள். எங்கள் பக்கம் படுத்திருக்கும்போது அந்த உறுமல்தான் எனக்குத் துணை. மிஷின் ஃபில்டரைக் கழுவ ஒரு நிமிஷம் நிறுத்தினால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

இப்போது தெரு கேட்கட்டும். அந்த வீட்டில் யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் திருடவில்லை. டேங்கர் முன்னால் நான் சொன்னது பொய். அன்றைக்குச் சிரித்தவர்கள் மேல் தப்பில்லை, சிரிக்கிற மாதிரி சொன்னது நான்.

உனக்கு ஒரு வாக்கு, அண்ணா. அந்த வாசலை மிதிக்காமல் இனி எனக்கு ஒரு நாளும் போகாது. என் வீடு இருட்டானாலும் அந்த மிஷினுக்குக் கரண்ட் நிற்காது.

இந்த மனையில் ஷீட் போட்ட ஒற்றை ரூமில் முதல் நாள் பால் காய்ச்சியபோது ஐந்து பேர் இருந்தோம். அம்மா போய்விட்டாள். என் வீட்டுக்காரி போய்விட்டாள். நீயும் போய்விட்டாய். என்னை எண்ணாதே, நான் சொல்கிறவன் மட்டும்தான். மிச்சம் ஒருத்தர். அவர் பேரை இத்தனை வருஷத்தில் நான் வாயால் சொன்னதில்லை, அண்ணி என்றால் அண்ணி. ஆனால் தெரு முன்னால் பேர் இல்லாமல் "உறிஞ்சுறவங்க" என்று சொல்லிவிட்டேனே. அதனால் இன்றைக்குப் பேரோடு சொல்கிறேன். செல்வி பேனாவை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். எழுதும்மா, பெரிய எழுத்தில்.

உன் தம்பி,
உயிரோடு இருக்கும் காமாட்சியம்மாளின் கொழுந்தன்