பாதம், பல்சக்கரம், எலி

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் இருமல் போயிற்றா இல்லையா என்பதை ஒளிக்காமல் எழுதவும்.

இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்த பிறகுதான் நீங்கள் சூப்பர்வைசரைப் பார்க்கப் போகவேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, புதிது இல்லாமல் உன் டிடிபி வேலை நடக்காது, அதனால் ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டித்து மாதக் கடைசியில் கையெழுத்துப் போடப்போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். போனில் பேசினால் "சரி சரி, நான் பாத்துக்கறேன்" என்று என் வாயை அடைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

கம்ப்யூட்டர் படுக்கவில்லை. உள்ளே இருந்த பழைய சிஸ்டத்துக்குத்தான் வயதாகிவிட்டது. பழுது பார்ப்பவர் "தூக்கிப் போடுங்க" என்றார். உங்கள் தங்கை விடுவாளா? தன் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சரிடம், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸ் சிஸ்டத்தை ஒரு பென்டிரைவில் வாங்கி வந்துவிட்டாள். "எப்படியும் தூக்கிப் போடத்தானே அண்ணி போறோம், போட்டுத்தான் பாப்போமே" என்றாள். பதறாதீர்கள், என் ஃபைல்களை எல்லாம் முன்னாடியே காப்பி எடுத்து வைத்துவிட்டேன். அரை மணியில் வேலை முடிந்தது.

அப்புறம்தான் கூத்து. திரை எப்படி இருக்கவேண்டும் என்பதைக்கூட இதில் நாமேதான் தேர்ந்தெடுக்கவேண்டுமாம். டெஸ்க்டாப்பே பல வகை. டீச்சர் சொன்னபடி மூன்றைப் போட்டோம். பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. சின்னங்களைப் பார்த்துப் பாதம், பல்சக்கரம், எலி என்று நாங்களே பெயர் வைத்துவிட்டோம்.

பாதம் நல்ல அழகு. திரையில் ஒரு தூசு தும்பு கிடையாது. ஆனால் ஜன்னலைச் சுருக்கிக் கீழே வைக்கும் அந்தச் சின்னக் கோடு போட்ட பொத்தானையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள். நான் ஒவ்வொரு தடவையும் மூடிவிட்டு மறுபடி திறந்து மாய்ந்து போனேன். "இவ்ளோ சுத்தமா இருந்தா மனுஷங்க வேலை செய்யற இடம் மாதிரியே இல்லையே" என்று உங்கள் தங்கை அதை வழியனுப்பிவிட்டாள்.

பல்சக்கரத்தில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். வம்பே அதுதான். வெள்ளிக்கிழமை பள்ளி ஆண்டு மலரை முடித்துக் கொடுக்கவேண்டியிருந்தது. நாங்களோ திங்கள் முழுக்க நிறம் மாற்றிக்கொண்டிருந்தோம். ஜன்னலைப் பிடித்து இழுத்தால் ஜெல்லி மாதிரி தளதளவென்று ஆட வைக்க அதில் ஒரு வசதி இருக்கிறது. உங்கள் தங்கை இழுத்து இழுத்து விட்டுச் சிரித்ததில் அவள் கண்ணாடியே கழன்று விழுந்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீங்கள் போன பிறகு இந்த அறையில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டதில்லை.

மறுநாள் பிழை திருத்த உட்கார்ந்தோம். அவள் வாசித்து, அதிகப்படி எழுத்து வந்தால் "எடுங்க" என்பாள், நான் அழிப்பேன். எங்கள் வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. தலைமையாசிரியரின் உரையில் 'வாழ்த்துக்கள்' என்று வந்தது. அந்த 'க்' கூடாது என்பது அவள் கட்சி. அந்த நேரம் பார்த்து, திரையின் கீழே இருக்கும் பட்டையை மேலே மாற்றினால் என்ன என்று நான் அதைக் குடைந்துகொண்டிருந்தேன். "எடுங்க அண்ணி" என்றாள். கை பழக்கத்தில் எடுத்துவிட்டது. மெனு, கடிகாரம் எல்லாவற்றோடும் பட்டையே காணாமல் போனது. 'க்' மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. நான் பேந்தப் பேந்த விழித்தேன். உங்கள் தங்கை தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

அதற்குமேல் ஆசைப்படாமல் எலிக்கு வந்தோம். பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் கூப்பிட்ட குரலுக்கு வருகிறது, நம் பழைய பெட்டிக்கு மூச்சு இரைக்கவில்லை, தமிழ் எழுத்து ஒன்றுகூடச் சிதறவில்லை. அறுபத்து நான்கு பக்கமும் வியாழக்கிழமை மத்தியானமே அச்சகத்துக்குப் போய்விட்டது. அந்த 'க்'கையும் எடுத்தாயிற்று. இந்தக் கடிதமும் எலியில் அடித்ததுதான். வேறென்ன சாட்சி வேண்டும்?

ஆகவே புதுக் கம்ப்யூட்டர் வேண்டாம். அதற்குப் பதிலாக ஃபிரிட்ஜ், சோபா என்று வேறு காரணம் தேடாதீர்கள். வீட்டில் இல்லாத பொருள் நீங்கள் ஒருவர்தான்.

நேற்று உங்களுக்கும் அதில் ஒரு கணக்கு தொடங்கினேன். இப்போது கம்ப்யூட்டரை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் என் பெயருக்குக் கீழே உங்கள் பெயரும் வந்து நிற்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். உங்களுக்கு எந்த டெஸ்க்டாப் என்று நான் முடிவு செய்யவில்லை. நீங்களே வந்து தேர்ந்தெடுங்கள். பல்சக்கரத்தை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் நிறம் மாற்றினாலும் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பேன்.

அந்த ஒப்பந்தத் தாள் இன்னும் உங்கள் மேசைமேல் இருந்தால், உங்கள் தங்கை சொல்கிற மாதிரியே நானும் சொல்கிறேன். எடுத்துவிடுங்கள்.

வாசலைப் பார்த்தபடி,
உங்கள் எலிக்காரி