குனியாத வண்டி

அத்தை,

சோப்புப் போட்டு, எலுமிச்சைத் தோலால் தேய்த்தும் கையிலிருந்து கிரீஸ் வாசனை போகவில்லை. காலையில் உங்கள் பெரிய காரின் பின்கொக்கியில் டிரெய்லரை மாட்டியது நான்தான். டிரெய்லர் மேல் ஜெனரேட்டர். ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணம். உங்களுக்குப் பிறகு ஓட்டுவது அப்பா. கொக்கி மாட்டுவதும் வாயாடுவதும் என் பொறுப்பு. அம்மா அடுப்படியில் என்னவோ தாளிக்கிறாள், எனக்கு மட்டும் உங்கள் வாசனை. சென்ட் போட்ட அத்தைகள் ஊரில் நிறைய. கிரீஸ் போட்ட அத்தை எனக்கு மட்டும்தான்.

பெரம்பலூரில் சின்ன ஜெனரேட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு காதுகுத்து, வளைகாப்பு என்று வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தீர்கள். மாமா போன பிறகு உங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே அது உறுமியதால்தான். அப்போதுதான் திருமழபாடித் திருவிழாக்காரர் வந்தார். அவர் கேட்டது பெரிய ஜெனரேட்டர்.

"அந்தப் பெருச இழுத்துட்டு வந்துட்டா வருசா வருசம் ஒங்களுக்குத்தாம்மா. முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆள் இருக்கு."

'முடியல' என்ற சொல்லை நீங்கள் மென்று முழுங்கியதைப் பார்த்தேன்.

மறுநாளே பட்டறையில் உங்கள் காரின் பின்பக்க ஸ்பிரிங்கில் பாரம் தாங்கக் கூடுதல் இரும்புப் பட்டைகள் ஏறின. கொக்கியும் தடிமனாக மாறியது. பாரத்துக்கு நம் பக்கத்தில் ஒரே அளவுகோல்தானே: பின்பக்கம் குனிந்தால் அதிகம், குனியாவிட்டால் சரி. அரியலூர் சாலையில் சிமெண்டு லாரி போனால் சின்னப்பிள்ளைகூட அதன் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்லும். வாடகைக்கு எடுத்த பெரிய ஜெனரேட்டரை டிரெய்லரில் ஏற்றி மாட்டினோம். வண்டி நிமிர்ந்தே நின்றது.

"பாத்தியாடா, குனியவே இல்ல."

"மரியாத தெரியாத வண்டி அத்தை. இவ்ளோ பெரிய ஆளு பின்னாடி நிக்கிறாரு, ஒரு வணக்கம்கூட வெக்கல."

"ஒன் வாய்க்கும் ரெண்டு பட்டை போடச் சொல்லவா?"

"போடுங்க. அதுவும் குனியாது."

விழாவுக்கு முதல் நாள் பகலிலேயே புறப்பட்டோம். கொள்ளிடக் கரையிலிருந்து ஊருக்குள் இறங்கும் சரிவில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே போனது. பிரேக்கை மிதித்தீர்கள். முன்னால் இருந்தது நிற்கப் பார்த்தது, பின்னால் இருந்தது ஒத்துக்கொள்ளவில்லை. டிரெய்லர் நம்மை முதுகில் கை வைத்துத் தள்ளுவது போலத் தள்ளியது. கியரைக் குறைத்து, கைப் பிரேக்கையும் இழுத்தீர்கள். கடைசி ஆட்டின் வாலுக்குப் பக்கத்தில் போய் நின்றோம்.

மேய்க்கும் அம்மா ஜன்னலருகே வந்து எட்டிப் பார்த்தார். "ஏந் தாயி, ஆட்ட வாங்க வந்தியா, அறுக்க வந்தியா?"

"மன்னிச்சிடுங்கம்மா" என்றேன். என் வரலாற்றில் அது முதல் முறை.

நீங்கள் இறங்கிப் பின்பக்கம் போய்ப் பார்த்தீர்கள். "இன்னமும் குனியலயேடா" என்றபோது உங்கள் குரல் சின்னதாக இருந்தது. அங்கேதான் நமக்கு உறைத்தது. பட்டை போட்டதால் ஒரு கிலோகூடக் குறையவில்லை. தாங்க முடியவில்லை என்று சொல்லியிருக்கக்கூடிய வண்டியின் வாயைத்தான் அடைத்திருந்தோம்.

வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் பிரித்தீர்கள். எவ்வளவு இழுக்கலாம் என்பதற்கு இரண்டு அளவுகள் இருந்தன. சொந்தமாக பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஒன்று, பிரேக் உள்ளதற்கு அதைவிடப் பெரியது. ஜெனரேட்டரின் தகட்டில் பொறித்திருந்த எடை இரண்டையும் தாண்டி நின்றது. எத்தனை பட்டை போட்டாலும், கொக்கியை எவ்வளவு தடிப்பாக்கினாலும் அந்த அளவுகள் மாறாது. போலீஸ் பிடித்தால் கேட்பதும் அதைத்தான்.

கரையோரக் கல்லில் உட்கார்ந்து விழாக்காரருக்குப் போன் போட்டீர்கள். வீட்டு அடுப்பே அந்தப் போனில்தான் இருந்தது.

"அண்ணே, என் வண்டிக்கு இது முடியாதுங்க. இழுத்துரும். நிக்காது."

வேறு சமாதானம் எதுவும் சேர்க்காமல், போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தீர்கள்.

"நிக்காததக் கூட்டத்துக்குள்ள கொண்டாந்து என்னம்மா பண்றது? அங்கயே நில்லுங்க, லாரி அனுப்புறேன். வெளிச்சம் வந்தாப் போதும்."

போனை மடியில் போட்டுவிட்டுச் சிரித்தீர்கள். கண் நிறைந்து வழிந்தது. "இவ்ளோதானாடா? இதுக்குத்தான் ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கலயா?"

விழாவுக்குப் பிறகு அந்தப் பட்டைகளைக் கழற்றிப் போட்டீர்கள். சொந்த பிரேக் உள்ள டிரெய்லர் வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீசில் அதற்குத் தனி நம்பர் எடுத்து, கையேட்டின் பெரிய அளவுக்குள் அடங்கும் ஜெனரேட்டராகப் பார்த்துப் பிடித்தீர்கள். சட்டப்படியே உங்கள் வண்டி இழுக்கக்கூடிய அளவு கூடியது அப்போதுதான். திருவிழாவும் வருஷா வருஷம் உங்களிடமே வந்தது.

போன தையில் நீங்கள் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். அழுது முடித்த பிறகு ஒரு நிம்மதி வந்தது, சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். உங்கள் கட்டிலிலிருந்து போனீர்கள். ரோட்டில் போகவில்லை, வேறு யாரையும் கூட்டிக்கொண்டும் போகவில்லை.

காலையில் கிளம்பும்போது கல்யாண வீட்டுக்காரர் போன் செய்தார். மேடைக்கான இரும்புக் கம்பிகளையும் போகிற வழியில் நம் டிரெய்லரிலேயே ஏற்றி வரச் சொன்னார். "எடந்தான் இருக்கே தம்பி" என்றாராம். அப்பாவுக்கு இல்லை என்று சொல்ல வரவில்லை. போனை என் கையில் திணித்தார்.

"முடியாதுங்க. எடம் இருக்கு, அளவு இல்ல."

ஏதாவது சொல்லி அவரைச் சிரிக்க வைத்திருக்கலாம், கூடவே ஒரு சமாதானமும் வைத்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. கொள்ளிடக் கரையில் அன்று நீங்கள் காத்திருந்தது போலவே நானும் காத்திருந்தேன்.

"சரி, டெம்போ சொல்லிக்கிறேன்" என்று அவர் வைத்துவிட்டார். அப்பா பெருமூச்சு விட்டுச் சாவியை எடுத்தார்.