கிணற்று மண்ணில் வந்த தாமரைக்காரி

லாத்தா,

இன்று காலை குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். களிம்பும் புளியும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. பரமக்குடியில் என் அடுப்படியில் இருந்தவள், உங்கள் கொல்லையில், பாதி தோண்டிய கிணற்றின் மண்மேட்டில் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் மவுத்துச் செய்தி என்னிடம் வந்து சேர்ந்தபோது நாற்பதாம் நாள் பாத்திஹாவும் முடிந்திருந்தது. ஊரோடு சேர்ந்து அழக் கொடுத்துவைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். என் வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் வேலை கிடைத்து, வாலிநோக்கத்துக்கு இந்தப் பக்கம் உங்கள் ஊருக்குக் குடிவந்தோம். உங்களுக்குப் பின்வீடு. அக்காவை உங்கள் வீடுகளில் லாத்தா என்பார்கள்; நானும் அப்படியே கூப்பிட்டேன். உங்கள் வீட்டுக்காரர் கொழும்பில் கடை வைத்திருந்தார். முன்பெல்லாம் நினைத்தபோது கப்பலேறி வந்தவர், பாஸ்போர்ட்டும் விசாவும் வந்தபின் வர முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீங்கள் ஒற்றை ஆளாக நின்றீர்கள்.

ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப் போனதால் கொல்லையில் கிணறு தோண்ட ஆள் விட்டீர்கள். இரண்டாள் ஆழத்தில் ஒரு பானை உடைந்து, பச்சைக் களிம்பேறிய செப்புத் தகடுகள் கொட்டின. நாம் இருவரும் உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்க ஒரு பெண் வெளியே வந்தாள். தாமரை மேல் நின்றாள். இரண்டு பக்கமும் யானைகள் அவள் தலையில் நீரை ஊற்றின.

“இவ யாரு தங்கச்சி?”

“மகாலட்சுமி மாதிரி இருக்கா லாத்தா.”

நீங்கள் தகட்டை வெயிலில் திருப்பிப் பார்த்தீர்கள். “நான் கல்யாணமான புதுசுல மாத்தறையில இருந்தேன்ல. அங்கன ஒரு விகாரையில இவளக் கல்லுல செதுக்கி வச்சிருந்தாக. சிங்களத்துப் பொம்பளைக பூ வைப்பாக. சிரின்னு பேரு சொன்னாக.” பிறகு சிரித்தீர்கள். “கடலத் தாண்ட இவளுக்கு யாரும் விசா கேக்கல பாரு.”

தகடுகள் பழங்காலத்துக் காசு என்பது இரண்டு நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது. முதலில் ஊரிலிருந்த எங்கள் இந்து ஆட்கள் வந்தார்கள். பெரியவர் ஒருவர் வாசலிலேயே நின்று, “இது அம்மன் கோயில் இருந்த எடம். கெணத்த மூடிட்டு எடத்த விட்டுக் குடுத்துருங்க” என்றார். என்னைப் பார்த்ததும், “நீ நம்ம புள்ளதானே ஆத்தா, நீயே சொல்லு” என்றார்.

“லட்சுமி மாதிரி இருக்கான்னு சொன்னேன். எடம் அவுகளோடது” என்றேன்.

நீங்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னே வந்தீர்கள். சுருக்குப்பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து நீட்டினீர்கள். “அய்யா, இதுல வெள்ளக்கார ராசா தல இருக்கு. அதுக்காக இந்த வீட்ட லண்டனுக்கு எழுதிக் குடுக்கணுமா? இது காசு. யாரோ யாவாரி பொதைச்சு வச்ச காசு. கும்புடுறவுக கும்புட்டுட்டுப் போங்க, தடுக்கல. கெணறு மூடமாட்டேன்.”

மறுநாள் ஜமாத்துப் பெரியவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு வேறு கவலை. “உருவம் போட்டது முஸ்லிம் வீட்டுல இருக்கக் கூடாதும்மா. பாத்திரக்காரன்கிட்டப் போட்டு உருக்கிரு. இல்லாட்டி நல்லது கெட்டதுக்கு இந்த வீட்டுக்கு யாரும் வரமாட்டோம்.”

நீங்கள் அதே ரூபாயை எடுத்து, காக்கா என்று அண்ணன் முறை வைத்தே கேட்டீர்கள். “இந்தத் தலயும் உருவந்தான காக்கா? இத மடியில முடிஞ்சுக்கிட்டுத்தான பள்ளிக்குத் தொழுவப் போறீக? நான் அல்லாவத் தவிர யாரையும் வணங்கல. அதுக்காக இந்தப் பொம்பளையக் கொல்லணுமா?”

இரண்டு பக்கமும் அன்றோடு உங்கள் வாசலை மிதிக்கவில்லை. கூலியாட்கள் பயந்து நின்றுவிட்டார்கள். ஒரு காலையில் பார்த்தால் குழி நிறைய உடைமுள் வெட்டிப் போட்டிருந்தார்கள். எந்தப் பக்கத்து ஆள் போட்டது என்று இன்றுவரை தெரியாது. நீங்கள் தேடவும் இல்லை. முள்ளை இழுத்து வெளியே போட்டுவிட்டு, சேலையை ஏற்றிச் செருகி, மண்வெட்டியோடு நீங்களே குழிக்குள் இறங்கினீர்கள். உச்சிவெயிலில், தெருவே எட்டிப் பார்க்க.

என் வீட்டுக்காரர், “நமக்கெதுக்கு வம்பு, உள்ள வா” என்று கூப்பிட்டார். நான் போகவில்லை. உங்கள் மூத்த மகளோடு கயிற்றைப் பிடித்து மண்கூடையை இழுத்தேன். உள்ளங்கை உரிந்து ரத்தம் கசிந்தது. மறுநாள் கடற்கரைக் குடிசைகளிலிருந்து மீன் விற்கும் பெண்கள் இருவர் வந்து, ஒன்றும் கேட்காமல் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார்கள். அவர்கள் வீட்டிலும் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை.

ஊற்று கண்ட அன்று நீங்கள் கீழேயிருந்து கத்தியது இன்னும் கேட்கிறது. “ஏ புள்ள, இனிக்குதுடி!”

காசுகளை மஞ்சள்பையில் கட்டிக்கொண்டு பட்டப்பகலில் பஸ் ஏறி ராமநாதபுரம் போனோம். தாலுகா ஆபீசில் ஒப்படைத்தோம். வாங்கிக்கொண்ட அதிகாரி நல்ல மனுஷர். நாற்காலி போடச் சொன்னார். “சிலோன்லயும் இதே மாதிரி கிடைக்குதும்மா. எந்தக் கரையில அடிச்சதுன்னு படிச்சவங்களுக்குள்ளேயே வாக்குவாதம் தீரலை” என்றார்.

“தீராமலே கெடக்கட்டும் சார். தீந்தா யாராவது ஒருத்தவுக வேலி போட்ருவாக” என்றீர்கள்.

அவர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை.

அடுத்த கோடையில் ஜமாத்துப் பெரியவர் வீட்டு மருமகள் குடத்தோடு வந்து தயங்கி நின்றாள். முள் கிடந்த காலையை நினைத்து எனக்கு வாய் துறுதுறுத்தது. நீங்கள் என் கையை அழுத்திவிட்டு அவளிடம் வாளியைக் கொடுத்தீர்கள். கோயில் என்று சொல்லிவந்த பெரியவர் வீட்டுக் குடமும் பிறகு வந்தது. அதற்கும் அதே வாளிதான்.

என் வீட்டுக்காரர் இறந்தபின் நான் பரமக்குடிக்கு வந்துவிட்டேன். வீட்டின் முன்கட்டை வாடகைக்கு விடுகிறேன். இந்த வாரம் ஒரு தறிக்காரர் தன் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்து கேட்டார். பெயர் சொன்னார். சரி என்றேன். சாயங்காலமே தெருக்காரர்கள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள்.

“இது கோயில் தெரு. துலுக்கருக்கு வீடு விட்டா எப்படி?”

“தெரு எல்லாருக்கும் பொது. வீடு என்னோடது. சாவியக் குடுத்தாச்சு” என்றேன்.

“நாளைக்கு ஒண்ணுன்னா நாங்க யாரும் வரமாட்டோம்.”

“வராட்டிப் போங்க.”

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன். உள்ளே வந்த பிறகுதான் கால் நடுங்கியது. அன்று வாசலில் ரூபாயை நீட்டியபோது உங்களுக்கும் நடுங்கியதா என்று ஒருநாளும் கேட்காமல் போனேன், லாத்தா. நடுங்கியிருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. நடுக்கத்தோடுதான் நின்றிருக்கிறீர்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர்கள் சாமான்களோடு வருகிறார்கள். தெரு பார்க்க, நானே வாசலில் நின்று அந்தக் குழந்தையை வாங்கிக்கொள்வேன்.