உடைசல் கூடைக்குப் போன ஏழு கப்பு

விருத்தாசலம்
10.2.2025

அம்மாடி வேலு,

எப்படிமா இருக்குற? மெட்ராஸ்ல நேரத்துக்கு சாப்புடுறியா, இல்ல கச்சேரி, பேட்டின்னு டீயக் குடிச்சிட்டே அலையிறியா? நானும் உன் அத்தை ஆதிலட்சுமியும் ஏதோ இருக்கோம். போன் போட்டா நீ "ஸாரி மாமா"ன்னு அழுவுற. அதான் கடுதாசி. மூணாங்கிளாஸ் எழுத்து, கூட்டிக்கூட்டி படிச்சிக்க.

என்னா நடந்துச்சின்னு கேட்டியே, சொல்றேன். அன்னிக்கு பஸ்ஸுல குந்த எடம் கெடச்சிது. எந்நாளும் கெடைக்காது. பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டுற ஆளுங்க ஏறிடுவாங்க, ஒருத்தன் கத்திய எம்மடில வெச்சிட்டு தூங்கவே தூங்கிடுவான். அது கெடக்குது. பீங்கான் கம்பெனிக்குப் போயி கப்பு தட்ட குந்துனேன். சூளைலேருந்து வர்ற ஒவ்வொரு கப்பையும் குச்சியால தட்டிப் பாக்குறதுதானே எம்பொழப்பு? ணிங்குன்னா நல்ல கப்பு. பொத்துன்னா கீறல், உடைசல் கூடைக்கு.

மேஸ்திரி மாயவன் வந்தாரு. "யோவ் கொளஞ்சி, பெரிய வித்துவானாமே நீ? மொதலாளி கச்சேரிக்கு கூப்புடுறாரு, வா"ன்னாரு.

என்னப் பத்தி பத்திரிகைல நீ எழுதுனத மொதலாளி போனுல எனக்கே படிச்சிக் காட்டுனாரு. 'என் மாமா இருபது வருஷத்தில் ஏழு நல்ல கப்புகளை மட்டும் உடைசல் என்று பொய் சொல்லிக் கூடையில் போட்டார். ஏழும் சுருதி சுத்தமானவை. வீட்டுக்குக் கொண்டுவந்து, தண்ணீர் ஊற்றி ஜலதரங்கம் வாசிக்கிறார்.' படிச்சி முடிச்சிட்டு, "எழுத்து நல்லாத்தான் இருக்குது. நீ நாளைலேருந்து வராத"ன்னாரு.

ஏம்மா, அத சோறு திங்கிறப்போதானே சொன்னேன்? நீயும் சிரிச்சியே. அது ஊருக்கே போவும்னு நா கண்டேனா? அம்பத்திமூணு வயசுல இந்தக் காத நம்பி வேற எவன் வேல குடுப்பான்? 'அது கீறல் கப்புதான், நான் தப்பா எழுதிட்டேன்'னு ஒரு வரி போட்டுடுமா.

உன் மாமா
கொளஞ்சிநாதன்


சென்னை
15.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். தப்பு என்னுடையது. ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்ததை நீங்கள் பார்த்தீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்க வேண்டும். அந்த இடம்தான் கட்டுரையிலேயே அழகு என்று தோன்றியது. உங்கள் வேலைக்கு ஆபத்து என்று தோன்றவில்லை.

ஆனால் நீங்கள் கேட்பதை என்னால் செய்ய முடியாது. எனக்கென்று ஓர் ஆபீஸ் கிடையாது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒவ்வொருவரைக் கெஞ்ச வேண்டும். இந்தக் கட்டுரையைப் படித்த பிறகுதான், முதல் தடவையாக, மாதம் ஒன்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நடக்காததை எழுதினேன் என்று நானே சொன்னால் அப்புறம் யார் கூப்பிடுவார்கள்?

வேறு எது வேண்டுமானாலும் சொல்லுங்கள். நானே வந்து உங்கள் முதலாளியின் காலில் விழுகிறேன். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்
வேல்விழி


விருத்தாசலம்
5.3.2025

அம்மாடி வேலு,

நல்லா இருக்குறியா? ஊருல மாசி மகத்துக்கு கொடி ஏறிடுச்சி. பழமலைநாதர் கோயில் பக்கம் வளையல் கடை, பஜ்ஜிக் கடைன்னு கால் வைக்க எடமில்ல. உங்க அத்தை ராட்டினத்துல ஏறணுங்குறா, இந்த வயசுல.

சுத்தி வளைக்கிறேன் இல்ல? சொல்லிடுறேன். வேல திரும்பக் கெடச்சிடுச்சி.

மொதலாளி வூட்டு வாசல்ல போயி நின்னேன். "எங்க அக்கா பொண்ணுங்க, மாமன் மேல பாசத்துல இட்டுக்கட்டி எழுதிப்புடுச்சி. நா எடுத்தது அத்தனையும் கீறல் கப்புதாங்க"ன்னேன். "அப்படின்னா எடுத்தா பாக்கலாம்"னாரு.

வூட்டுக்கு வந்து ஏழு கப்பையும் எறக்குனேன். ஒவ்வொண்ணா, அதே குச்சியத் திருப்பிப் புடிச்சி, கொஞ்சம் வலிக்கத் தட்டுனேன். ஒடையக் கூடாது, கீறல் மட்டும் ஓடணும். அது எனக்கு தெரியாதா? "ஒண்ணயாவது வுட்டு வையிங்களேன்"னா உங்க அத்தை. வைக்கல. மொதலாளி தட்டிப் பாத்தாரு. பொத்து, பொத்து, பொத்து. சிரிச்சிட்டாரு.

ஆனா ஒண்ணு. உன் பத்திரிகைக்கு எழுதிப் போட்டுட்டாராம், நீ பொய் எழுதுனன்னு. கேட்டாங்கன்னா... உங்கிட்ட என் கொரலு இருக்குது இல்ல?

மாமா


சென்னை
11.3.2025

மாமா,

கேட்டார்கள். ஒலிப்பதிவை அனுப்பச் சொன்னார்கள். அதில் உங்கள் சிரிப்பு இருக்கிறது, நீங்கள் சொன்னது இருக்கிறது, ஏழு கப்பின் நாதமும் இருக்கிறது. அனுப்பினால் என் பெயர் நிற்கும், உங்கள் வேலை போகும்.

ஒலிப்பதிவே செய்யவில்லை என்று சொல்லிவிட்டேன். கட்டுரையை எடுத்துவிட்டார்கள். மாதக் கட்டுரையும் போயிற்று.

இந்த வேலையில் நான் சொன்ன முதல் பொய் அது. உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். அது இரண்டாவது பொய்யாகிவிடும். கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுத வேண்டாம்.

வேல்விழி


விருத்தாசலம்
20.3.2025

வேலு,

நல்லா இருக்குறியாம்மா? எழுதாதன்னு சொன்ன. எழுதுறேன். திட்டணும்னா திட்டு.

இது சாப்பாட்டு நேரம், கம்பெனிலதான் குந்தியிருக்குறேன். இப்பல்லாம் மாயவன் எம்பக்கத்துலயே ஸ்டூலப் போட்டுக்குறாரு. நேத்து ஒரு கப்பு, சுருதி சுத்தம், தட்டுனதும் கை அப்படியே நின்னுப்போச்சி. அவரு என்னயே பாத்தாரு. எடுத்து நல்ல பெட்டியில வெச்சேன்.

உன்னப் பொய்க்காரின்னு சொன்ன வாயில சோறு எறங்கல. காலைல எழுந்தா, போயி நெசத்த சொல்லிடுவோம், வேல போனா போவட்டும்னு தோணுது. மதியம் ஆனா தோண மாட்டேங்குது. உன் கடுதாசி வந்ததுலேருந்து இதான். இன்னிக்கு மதியம் ஆயிடுச்சி, இன்னமும் தோணிக்கிட்டேதான் இருக்குது. மொதலாளி காரும் வந்துடுச்சி. நேரா அவருகிட்டப் போயி, ஐயா, அந்தப் பொண்ணு எழுதுனது அத்தனையும்

இரும்மா, மாயவன் கூப்புடுறாரு, சூளையத் தொறந்துட்டாங்களாம், நா போயி கப்பு தட்டிட்டு வந்து மிச்சத்த